ஐந்துக்கு முன்னால் ஆறு

1

1991 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருந்த திரையரங்கின் மதியக் காட்சியில், ஏழு ரீல் கொண்ட ஒரு படத்தின் ஆறாவது ரீல் ஐந்தாவது ரீலுக்கு முன்னால் ஓடியது. அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை.

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல. அந்த ரீலை ஓட்டியவர் போன வருடம் ஒரு புதன்கிழமை காலையில் கூப்பிட்டு, "நிருபரே, ஒரு தப்பு பண்ணிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். செய்தியாக எழுத இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் கதை.

[முதலில் எழுதிய தொடக்கம்: "திரையரங்கின் இருட்டில் எல்லோருக்கும் ஒரே வயதுதான், ஏனென்றால்" — ஏனென்றாலுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விட்டுவிட்டேன்.]

2

நாங்கள் நான்கு பேர். ஞாயிறு மூன்று மணிக்குப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடிப் படம் பார்ப்போம். ஈறு நோய் பற்றிய படத்தைக் கழற்றி வைத்தால் சுவரில் டிவி தெரியும். டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது. கிளினிக் அவருடையது, அதிகாரமும் அவருடையது. இன்னொருவர் ரசாயன வாத்தியார். எந்தப் படத்திலும் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்பதால் அவர் பெயர் சப்டைட்டில். மூன்றாமவர் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் மேற்பார்வையாளர். சின்ன வயதில் இரண்டு வருடம் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவர். நான்காவது நான்.

வருடத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு. வாழ்நாளில் பார்த்ததிலேயே பிடித்த படம் எது என்பதில் நால்வரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அந்தப் படத்தை எப்படியாவது தேடிப் பிடித்துப் போட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. மருந்துச் சீட்டில் படத்தின் பெயர், அதற்குக் கீழே இயக்குநர் பெயர். சீட்டைக் கொடுக்கும்போது டாக்டர், "மூணு வேளையும் சாப்பாட்டுக்கு அப்புறம் யோசிங்க" என்பார். பத்து வருடமாக ஒத்துப்போனதில்லை.*

* இதற்கு லிஃப்ட்காரர்தான் காரணம் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம். சரியாகத்தான் நினைத்தோம். ஏன் என்பதில்தான் தவறு.

3

டாக்டர் ஒவ்வொரு வருடமும் ஒரே படத்தைத்தான் எழுதுவார். எங்கும் கிடைக்காத ஒரு பழைய படம். அதில் ஒரு மகள். அவளுக்கு வந்த வேலைக் கடிதத்தை அப்பா இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருக்கிறார். அவள் அதை அரிசிப் பானைக்குள் கண்டுபிடிக்கிறாள். அடுத்த காட்சியில், கை நடுங்கும் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு சுற்றி, அவருக்குச் சவரம் செய்கிறாள். கத்தி தொண்டை மேல் போகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

"எல்லாம் தெரிஞ்ச கை, அது" என்பார் டாக்டர். "தெரிஞ்சும் ஒரு கீறல் இல்ல."

அந்தப் படம் பார்த்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. என்ன காரணம் என்று அவர் சொன்னதில்லை. கேள்வி கேட்டே பிழைக்கும் நானும் கேட்டதில்லை. படம் முடிந்ததும் விடுதிக்குத் திரும்பாமல் நேராக ஊருக்குப் பஸ் ஏறினார். அப்பா அதன்பின் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். "அந்த ஒன்பது வருஷம் அந்தப் படம் எனக்குக் கொடுத்தது" என்று ஒரு ஞாயிறு சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

நானும் சப்டைட்டிலும் பார்க்காத அந்தப் படத்துக்கே வாக்களிக்கத் தொடங்கிவிட்டோம். அவர் சொல்லக் கேட்டதே போதுமானதாக இருந்தது. லிஃப்ட்காரர் சீட்டில் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு நகைச்சுவைப் படம். அதுவும் சுமாரானது.

"அண்ணே, உங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு இருந்தா வெளியில எடுங்களேன்" என்பார் சப்டைட்டில்.

"இருக்கிறதே இவ்வளவுதான் வாத்தியாரே" என்பார் அவர்.

4

[சப்டைட்டில் இந்தக் கதைக்குத் தேவையா என்று நடுவில் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவரை எடுத்தே விட்டேன். கதை நின்றுபோயிற்று. ஏனென்றால் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தான்.]

ஒரு புதன்கிழமை எங்கள் மூவருக்கும் செய்தி அனுப்பினார்: "டாக்டரம்மா படம் கிடைச்சிடுச்சு! முழுப் பிரதி. ஞாயித்துக்கிழமை போடுறோம்."

கால் மணி நேரத்தில் லிஃப்ட்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"சவரம் அஞ்சாவது ரீல். கடிதம் ஆறாவது. சவரம் பண்றப்ப அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது நிருபரே. ரீல் பெட்டி மூடி மாறிப்போய் நான் ஆறை முதல்ல மாட்டிட்டேன். பாதி ஓடின பிறகுதான் தெரிஞ்சுது. யாரும் கத்தல. விட்டுட்டேன். சாயங்காலக் காட்சிக்குச் சரி பண்ணிட்டேன்."

"இத்தனை வருஷமா வேற படத்துக்கு ஓட்டுப் போட்டது..."

"எல்லாரும் ஒத்துக்கிட்டா தேட ஆரம்பிப்பீங்களே. கிடைச்சா டாக்டர் பார்ப்பாங்க. அந்த ஒன்பது வருஷமும் ஒரு மூடி மாறினதால வந்ததுன்னு தெரிஞ்சா, அதை நானே அவங்ககிட்டேருந்து பிடுங்கின மாதிரி ஆயிடாதா?"

இங்கே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பிரதி பழுதாகிவிடுகிறது, கோழைத்தனம், என்னுடையது. இன்னொன்றில் அவர் சொல்லாமலே விடுகிறார், படம் ஓடுகிறது, டாக்டர் எழுந்து — இல்லை. மூன்றாவதில் அவர் சொல்லிவிடுகிறார். நடந்ததும் அதுதான்.

6

(ஆம், ஆறு. அச்சுப்பிழை இல்லை. ஐந்து அடுத்து வரும்.)

காத்திருக்கும் அறை. படம் போட இன்னும் நேரம் இருந்தது. லிஃப்ட்காரர் உட்காரவில்லை.

"டாக்டர், அந்தப் படத்துல அப்படி ஒரு காட்சி கிடையாது" என்று தொடங்கி, என்னிடம் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னார்.

டாக்டர் கேட்டது ஒன்றுதான். "சாயங்காலக் காட்சி?"

"சரியா ஓட்டினேன்."

டாக்டர் எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கை கழுவினார். அடுத்து என்ன வரும் என்று சப்டைட்டில் சொல்லவில்லை. திரும்பி வந்து, "இன்னிக்குப் படம் வேண்டாம்" என்றார். கலைந்தோம்.

5

லிஃப்ட்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வண்டி ஓட்ட முடியாமல் என்னைக் கூப்பிட்டார்; நான்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கதவோரம் நின்றேன்.

டாக்டர் நாற்காலியைச் சாய்த்து, கழுத்தில் துணி கட்டி, விளக்கை இழுத்தார்.

"வாயைத் திறங்க அண்ணே. இன்னும் கொஞ்சம். லிஃப்ட் கதவா என்ன, பாதியில நிக்குது."

அவர் ஏதோ சொல்ல முயன்றார். வாய்க்குள் கண்ணாடியும் பஞ்சும் இருந்தன.

"பேசுறதெல்லாம் அப்புறம். வலிச்சா கையைத் தூக்குங்க."

ஊசி போட்டார். துளைக்கும் கருவி இருபது நிமிடம் ஓடியது. லிஃப்ட்காரர் கை ஒருமுறைகூட எழவில்லை. முடிந்ததும் டாக்டர் பஞ்சால் அவர் உதட்டோரம் துடைத்தார். மோவாயில் வழிந்த நீரையும் துடைத்தார். வீக்கம் இறங்கியிருக்கிறதா என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

7

ஐந்து முதலா, ஆறு முதலா? என் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தேதி இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை. ஆறு முதலென்றால், அது எல்லாம் தெரிந்த கை. ஐந்து முதலென்றால், டாக்டர் வழக்கமாகச் செய்யும் வேலை. நான் ஒரு வரிசையில் மாட்டியிருக்கிறேன். உங்கள் பிரதியை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மூடியை மாற்றிப் போட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே அதனால்தான்.

அடுத்து நாங்கள் கூடிய ஞாயிறு, வாக்கெடுப்பு நடந்தது. நான்கு சீட்டிலும் ஒரே படம். டாக்டரின் சீட்டில் மட்டும் இயக்குநர் பெயருக்குக் கீழே லிஃப்ட்காரரின் பெயரும் இருந்தது. அதைப் படித்துவிட்டு லிஃப்ட்காரர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரீல் மாறும் இடங்கள் அவருக்கு நினைவிருந்ததால் ரிமோட் அவரிடம் கொடுக்கப்பட்டது. படம் 3.10க்குத் தொடங்கியது. ஆறு முதலில் ஓடியது, ஐந்து அடுத்து. 5.25க்கு முடிந்தது.