கடைசி பெஞ்சின் பேட்டரி

தூங்குமூஞ்சிக்கு அன்றுதான் கடைசி வாய்ப்பு. எலுமிச்சம்பழத்தில் பேட்டரி செய்து குட்டி எல்.இ.டி. பல்பை எரியவிட்டால் அடுத்த வகுப்பு. இல்லாவிட்டால் பள்ளியைவிட்டு நிறுத்த வேண்டியவர்களின் பட்டியலில் ஐந்தாவது பெயர். நாலு பெயர்களை டீச்சர் ஏற்கனவே எழுதிவிட்டாள். மதியத்துக்குள் அது தலைமையாசிரியரிடம் போக வேண்டும்.

தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததும் டீச்சர்தான். அந்தப் பெண் எழுதும்போதே தூங்கி விழுவாள், நேற்றுப் படித்தது இன்றைக்கு நினைவிருக்காது, கணக்குப் பாடம் வந்தால் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வாள். எல்லாம் நாடகம் என்றே டீச்சர் நினைத்தாள். மார்க் வரிசைப்படி உட்காரவைப்பது அவள் வழக்கம். முன்னால் கெட்டிக்காரர்கள், கடைசி பெஞ்சில் மரமண்டைகள். இருபது வருடமாக இதே ஏற்பாடு, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

பெஞ்சுக்கு நாலு பழம். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஓர் ஆணி. முன் பெஞ்சுகளில் பல்புகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைசி பெஞ்சுக்கு அவள் ஒருத்தியே செய்ய வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. அந்த பல்பு மட்டும் எரியவில்லை.

திட்டுவதற்கு வாயெடுத்தபடி வந்த டீச்சர், இணைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லாததைப் பார்த்தாள். ஆணிகளுக்குப் பதில் சாம்பல் நிறத் தகடுகள் செருகியிருந்தன. ஒன்றை உருவினாள். விரல் பட்டதுமே வளைந்தது. நுனிவிரலில் கறுப்பாக ஒட்டியது.

"ஆணி எங்கே?"

"இது நெசமான பேட்டரிக்குள்ள இருக்கிறது டீச்சர். ஆணியைவிட நல்லா எரியும்னு நானே கொண்டாந்தேன்."

முகத்தில் அத்தனை பெருமை. பழைய வண்டி பேட்டரிகளை அம்மா வீட்டிலேயே உடைப்பாளாம், உள்ளே இருப்பதைச் சோறாக்கும் அடுப்பிலேயே உருக்குவாளாம். தகடு பிரிப்பது இவள் வேலை. கத்தரி கிடைக்காததால் இதைப் பல்லால் கடித்தே நறுக்கினாளாம்.

அது ஈயம், துத்தநாகத்தைப் போல் பல்பை எரியவைக்காது. ஈயம் உடம்பை என்ன செய்யும் என்று பாடம் நடத்தியவளே டீச்சர்தான். மூளையை மந்தமாக்கும், வயிற்றைப் பிசையும், போனது திரும்பாது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.

"வேற யார் வீட்லெல்லாம் இதை உருக்குறாங்க?"

முன் பெஞ்சுகளில் ஒருவரும் அசையவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு கை தயங்கி எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும். பட்டியலில் இருந்த அதே நாலு பேர். வரிசை பிசகாமல் அவர்களை அங்கே உட்காரவைத்தவள் அவள்தான். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எல்லோரும் போய்க் கை கழுவுங்கள் என்றாள்.

தூங்குமூஞ்சி மட்டும் நகரவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியலையே டீச்சர். என் பேரை எழுதிருவீங்களா?"