மூன்றரைக்குப் பிறகு பைரவி

பங்குச் சந்தைக்குக் காது கிடையாது. இது எனக்கு உறைக்க முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. என் மனைவி குந்தன் செத்த பிறகுதான் உறைத்தது.

மும்பை தலால் தெருவுக்குப் பின்சந்தில், முதல் மாடி அறையொன்றில் உட்கார்ந்து பங்குகளை வாங்கி விற்கிறவன் நான். பிபின் ஷ்ராஃப் என்றால் அங்கே இரண்டு விஷயம் சொல்வார்கள்: நஷ்டத்தைக் கைகழுவத் தெரியாதவன், பாட்டுப் பைத்தியம். இரண்டும் உண்மை. கண் திரையில் இருக்கும், காதில் இந்துஸ்தானிப் பாட்டு ஓடும். காலையில் தோடி ராகம், மதியம் சாரங். நல்ல பாடகர் அரைமணி நேரம் நாலு ஸ்வரத்தையே சுற்றிச் சுற்றி வருவார், அவசரப்பட மாட்டார். சந்தையில் என் பொறுமையும் அந்த ரகம்தான் என்று பீற்றிக்கொள்வேன். அது பொறுமையில்லை, வெறும் வீம்பு.

பைரவி மட்டும் கூடாது. இந்துஸ்தானிக் கச்சேரியில் பைரவி பாடிவிட்டால் மங்களம் பாடியாயிற்று. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருநாள் காலையில் சமையலறையில் குந்தன் பைரவியில் ஒரு பஜனையை முணுமுணுத்தாள். அன்று சந்தை குப்புற விழுந்தது. மறுநாளே வீட்டில் சட்டம் போட்டேன். சந்தை மூடும் மூன்றரை மணிக்கு முன்னால் பைரவி இல்லை.

பக்கத்து மேசை ரசிக்பாய் இதைக் கேட்டுவிட்டு, "அவங்க பாடினா சந்தை விழும்னா, தினமும் பாடச் சொல்லிட்டு நீ முன்னாடியே வித்துடேன்டா. கோடீஸ்வரன் ஆயிடுவே," என்றான். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். சட்டத்தை மட்டும் மாற்றவில்லை.

குந்தனுக்குத் தெரிந்ததே அந்த ஒரு பாட்டுதான். அவள் என்னோடு சண்டை போடவில்லை. மூன்றரை அடித்ததும் டீக்குத் தண்ணீர் வைத்தபடி பாடுவாள். பதினாலு வருஷம் அப்படியே ஓடியது.

போன ஹோலிக்கு முன்னால் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் கெட்டுவிட்டது, இன்னும் சில நாட்கள்தான் என்றார் டாக்டர். அதே சமயம் ஒரு கப்பல் கம்பெனிப் பங்கு விழ விழ நான் மேலும் மேலும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். விழுந்தது எழுந்தே தீரும் என்பது என் நம்பிக்கை. அவள் விஷயத்திலும் அதையேதான் நம்பினேன்.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருக்கும். "கேக்கறீங்களா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடுங்களேன்," என்றாள். பதினாலு வருஷத்தில் நேரம் தப்பிக் கேட்டது அன்றுதான். என் கையிலிருந்த போனில் விலை சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மூணரை ஆகட்டும் குந்து. இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோ."

தலையாட்டினாள். சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று நான் மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு மேல் பங்கு திரும்பியது. மளமளவென்று ஏறியது. நடுவில் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு வந்தது. வேலை கெடுகிறதே என்று துண்டித்தேன். மூன்றேகாலுக்கு எல்லாவற்றையும் விற்றேன். போன பணம் அத்தனையும் திரும்பிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் கைகழுவியிருக்கிறேன் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். சந்தை மூடியதும் போனில் பாட்டைத் தேடி எடுத்து, மூன்றரை மணிக்குச் சந்தோஷமாக அறைக்குள் நுழைந்தேன்.

முகம் வரை போர்வையை இழுத்து மூடியிருந்தார்கள்.

"உங்கள எங்கெல்லாம் தேடினோம், காகா. போனும் பண்ணினேன்," என்றாள், என்னைச் சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடும் நர்ஸ் ஷேவந்தி. அவளே தொடர்ந்தாள்: "வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. மூணரை ஆயிடுச்சா, மூணரை ஆயிடுச்சான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பாக்க முடியல காகா. ஆயிடுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். உடனே பாட ஆரம்பிச்சாங்க. ரெண்டு வரிதான்."

எத்தனை மணிக்குப் பாடினாள் என்று கேட்டேன். மூன்று பத்து என்றாள்.

மூன்று பத்துக்கு என் பங்கு அன்றைய உச்சத்தில் இருந்தது.