பதினோராம் கட்டம்

அப்பாவின் கண்ணாடியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு நர்ஸ் நீட்டியபோது மணி மூன்று. "உடம்பைக் குடுக்க ஆறு மணி ஆயிடும்," என்றாள். கம்பெனி தரவேண்டிய பணத்துக்காக அப்பா எழுதிவைத்த மனுவைக் கொடுக்கவோ இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"போயிட்டு வாடி." அம்மா அழுது ஓய்ந்திருந்தாள். "உயிர் இருந்தா அந்த மனுஷன் டிரிப்ஸைப் பிடுங்கிட்டு அவரே போயிருப்பாரு."

பிஸ்கட் கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷம் அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவர் அப்பா. கடைசி எட்டு மாதத்துக்குப் பணம் வரவில்லை. வழக்குப் போட்டார், ஜெயித்தார். தீர்ப்பு கைக்கு வந்த மறுவாரமே கம்பெனி திவால். இனி முதலாளியை யாரும் நேரே கேட்க முடியாது. சொத்தை விற்று நீதிமன்ற அதிகாரி பங்கு போடுவார், அதுவும் மனுக் கொடுத்தவர்களுக்கு மட்டும். அட்டை வாங்க இவர்கள் வீட்டை அடமானம் வைத்திருந்தார்கள். இந்தப் பங்கும் போனால் வீடும் போகும்.

அதிகாரியின் ஆபீஸில் குமாஸ்தா மனுவைப் பக்கம் பக்கமாக எச்சில் தொட்டுப் புரட்டினார். பதினோராம் கட்டத்தில் விரல் நின்றது.

"கடனுக்கு ஈடா கம்பெனி ஏதும் எழுதிக் குடுத்திருக்கான்னு கேட்டிருக்கு. 'உண்டு'ன்னு எழுதியிருக்காரே? நிலமா, மெஷினா?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அவள் டீ வாங்கப் போன நேரத்தில் அப்பா எழுதியிருக்கிறார்.

"ஒண்ணுமில்ல சார். 'உங்க காசு எங்கயும் போகாது'ன்னு முதலாளி வாக்குக் குடுத்திருந்தாரு. அதைத்தான் எழுதிட்டாரு போல."

குமாஸ்தா சிரிக்கவில்லை. "ஈடு இருந்தா இந்த வரிசையே இல்லம்மா, அவங்க முதல்லயே எடுத்துக்குவாங்க. அதை அடிச்சுட்டு, பக்கத்துல அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

இறந்துவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார். அது கிடைக்க ஒரு மாதமாகும். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.

"கீழ வண்டியில இருக்காரு. வாங்கிட்டு வரேன்."

படிக்கட்டுச் சுவரில் காகிதத்தை வைத்து அந்த வார்த்தையை அடித்தாள். பள்ளிக்கூட ரேங்க் கார்டில் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகிய கையெழுத்து, ஒரே இழுப்பில் அப்படியே வந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

குமாஸ்தா முத்திரை குத்தினார். "ஈடு வச்சிருக்கிற பேங்க் எடுத்தது போக, நூத்துக்கு ரெண்டு தேறினா பெருசு. ரொம்ப எதிர்பார்க்காதீங்க." ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "பதினெட்டாம் தேதி கடன் கொடுத்தவங்க கூட்டம் இருக்கு. அப்பாவைக் கண்டிப்பா நேர்ல வரச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்," என்றாள்.