தட்டிக்கேட்பார்

அந்த எலக்ட்ரீஷியனுக்கு அப்பா அம்மா வைத்த பெயரைத் தெருவில் ஒருவரும் சொல்வதில்லை. ‘தட்டிக்கேட்பார்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழக்கடைக்காரன் தராசுத் தட்டை லேசாக அழுத்தினால் கேட்பார். பஸ் நிறுத்தம் தாண்டி நின்றால் ஓடிப்போய் டிரைவரைக் கேட்பார். மாடி வீட்டுத் துணி இவர் தலையில் சொட்டினால் சும்மாவா விடுவார், அதற்கும் கேட்பார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “இத நான் கேக்காம விடமாட்டேன்” என்று அவர் கிளம்பினால் பாதித் தெரு வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிடும். காசில்லாத காட்சி யாருக்குத்தான் கசக்கும்?

வீட்டுக்குள் அதே சொல் வேறு வேலை பார்த்தது. அங்கே அவர் கேட்பதில்லை. அவர் சொல்வார், மற்றவர்கள் கேட்க வேண்டும். “சொன்னா கேளு” என்று அவர் வாயிலிருந்து வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு அது உறைத்தது. அப்புறம் பழகிவிட்டது.

அவள் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பெண்கள் பிடித்து, கொதிக்கிற ரோலருக்குள் கொடுக்க வேண்டும். அது உள்ளே இழுத்து, இஸ்திரி போட்டு மறுபக்கம் தள்ளும். ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். சுருண்ட துணி பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. இப்படி நின்று நின்று ஓடினால் வேலை எப்போது முடிவது என்று மேனேஜர் ஒருநாள் அந்தக் கம்பியை அசையாமல் இழுத்துக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மெஷின் எதற்கும் நிற்கவில்லை.

“யாராவது கேக்கணும்டி” என்று தினமும் புலம்புவாள், எதிரே நின்று மறுமூலையைப் பிடிக்கிற சின்னக்கா. அந்த யாராவது யார் என்பதில்தான் இழுபறி. தலைவலி என்பாள் ஒருத்தி, புருஷன் திட்டுவான் என்பாள் இன்னொருத்தி. கடைசியில் இவளே ஒருநாள் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், அந்தக் கம்பிய அவுத்துவிடச் சொல்லுங்க சார். பயமா இருக்கு.”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். “சரிம்மா, கேட்டுக்கிட்டேன். போய் வேலையப் பாரு” என்றார். பாவி மனுஷன் பொய் சொல்லவில்லை. காதால் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த மாதமே அது நடந்தது. ஒரு விரிப்பு ரோலர் வாயில் சுருண்டுகொண்டது. நீவிவிடப் போன அவளுடைய வலது கையையும் சேர்த்து இழுத்தது. சின்னக்கா அலறிக்கொண்டே ஓடி மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அவளைக் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று தட்டிக்கேட்பார் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! “எவன்டா அவன் மேனேஜர்? என் பொண்டாட்டி கையின்னா அவனுக்குக் கிள்ளுக்கீரையா? இன்னிக்கு அவன உண்டு இல்லைன்னு ஆக்கறேன்!” தெருவே திரண்டுவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் பயந்துபோய் அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

மனைவிக்கோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், வலியையும் மீறி மனசு குளிர்ந்துபோயிற்று. ஊரார் தராசுக்கும் ஊரார் பஸ்ஸுக்கும் போன மனுஷன் முதல்முறையாகத் தனக்காகக் கிளம்புகிறார். இந்த ஆள் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த மனத்தாங்கலெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்தது.

“ஏங்க, நான் முன்னாடியே அவர்கிட்ட போய்ச் சொன்னேன்ல, ஏன் அவுக்கலைன்னு அவர் மூஞ்சிக்கு நேரா கேளுங்க. மொதல்ல அந்தக் கம்பிய அவுக்கச் சொல்லுங்க. சின்னக்கா இன்னும் அங்கதான் நின்னுட்டிருக்கா.”

“நீ படு. எல்லாம் நான் கேக்கறேன்.”

அவள் படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இந்நேரம் என்ன சத்தம் போடுகிறாரோ, அடிதடியில் இறங்கிவிடுவாரோ என்று கவலை வேறு.

சாயங்காலம் அவர் வந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை இறங்கி, பொத்தான் போட்டிருந்தது. கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

“மேனேஜர் குடுத்தார், உனக்கு” என்றார்.

“கேட்டீங்களா?”

“கேக்காம? கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“நாம நெனைக்கற மாதிரி இல்லடி, தங்கமான மனுஷன். ஏசி ரூம்ல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தார். ‘உங்க நெலமை புரியுது, என்ன வேணுமோ கூச்சப்படாம கேளுங்க’ன்னார். அவ்வளவு எறங்கி வந்து பேசறவர்கிட்ட என்னத்த சண்டை போடறது? நம்ம பொண்ணுக்கு ஒரு வேலை கேட்டேன். ஒரே வார்த்தைல சரின்னுட்டார்.”

“என்ன வேலை?”

“உன் வேலைதான். அந்த எடம் காலியாத்தானே கெடக்கு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டார்.”

இத்தனை நாள் இந்த மனுஷன் தெருத்தெருவாகக் கேட்டதெல்லாம், கேட்டால் எதுவும் போய்விடாத இடத்தில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“கம்பிய அவுத்தாங்களா?”

“அதப் போய் அந்த நேரத்துல எப்படிடி கேக்கறது? குடுக்கற கையத் தட்டிவிடற மாதிரி இருக்காது?”

“அவ போகமாட்டா” என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “என் உயிர் இருக்கற வரைக்கும் அந்த மெஷின்கிட்ட அவள நிக்க விடமாட்டேன். மனுஷனா நீங்க? என் கையப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க!”

அவர் பார்க்கவில்லை. பையிலிருந்து ஆப்பிளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். “வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்” என்றார்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடி. போகமாட்டேன்னு சொல்லு.”

மகள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பெண் என்று அம்மாவே பார்த்துப் பார்த்து வளர்த்த பெண்.

“மெஷின்ல நான் எந்தப் பக்கம் நிக்கணும்மா?” என்றாள். “உன் பக்கமா, சின்னக்கா பக்கமா?”