பக்கத்துக்குக் கால் இஞ்சு

பாதியாக ஒடித்த பிளேடின் மூலையை நூலுக்கு அடியில் கொடுத்து நெம்புகிறேன், ஒரு தையல் அறுகிறது, அடுத்தது அறுகிறது, துணியின் ஒரு முனையைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு மறு முனையை இடது கையில் இழுத்துப் பிடித்திருக்கிறேன், எதிரே ஸ்டூலில் உலகு உட்கார்ந்திருக்கிறாள், ரேஷன் கார்டில் உலகம்மாள், தெருவுக்கு உலகு, பதினெட்டு வருசமாக எனக்கு எதிர்வீடு, அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மூன்று ஜாக்கெட், மூன்றையும் நான்தான் தைத்தேன், மூன்றையும் நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன், இப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன், பிரித்து முடிப்பதற்குள் அவள் ஏதாவது பேசிவிட்டால் தேவலை, திட்டினால்கூடத் தேவலை, பேசாமல் எழுந்து போனால் எதிர்வாசல் எனக்கு இனி அடைத்த வாசல்தான். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணின் உடம்பு எத்தனை இஞ்சு என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, யார் வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மாமியாருக்கு முன்னால் என் டேப்புக்குத் தெரியும், நான் யாரிடமும் போய்ச் சொல்கிறவள் இல்லை, கேட்டால் மட்டும் சொல்வேன், கேட்காதவர்களைக் கேட்க வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தெருவிலேயே நான் அளக்காத ஒரே உடம்பு என்னுடையது, என் ஜாக்கெட்டை நான் அளந்து தைப்பதில்லை, பழசைப் பிரித்து உள்ளே விட்டிருக்கும் துணியை வெளியே எடுத்துக்கொள்வேன், அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம், எடுக்கத் துணி இல்லாமல் போனபோது கக்கத்தில் வேறு நிறத்தில் ஓர் ஒட்டுப் போட்டேன், கையைத் தூக்காதவரை யாருக்கும் தெரியாது, நான் கையைத் தூக்குவதை விட்டு நாளாயிற்று.

எனக்கு ஒரு வியாதி உண்டு, டாக்டரிடம் சொல்லும்படியானது இல்லை, அடுத்தவர்களுக்கு நல்லது நடந்தால் எனக்குப் பசிக்கும், மூலைவீட்டுக்காரர்கள் மாடி எடுத்தபோது அரைக் கிலோ காரச்சேவு, தபால்காரர் மகளுக்கு பேங்க்கில் வேலை கிடைத்த அன்று கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் முழுதாக, பிசுபிசுத்த விரலைச் சப்பிக்கொண்டே அவர்கள் வீட்டுக்குப் போய், ரொம்ப சந்தோசம் என்று சொல்லிவிட்டு வந்தேன், என் வீட்டுக்காரர் லாரியோடு பத்து நாள் போவார், ஒரு நாள் வந்து தூங்குவார், வயிறு நிறைந்ததா என்று கேட்க அந்த வீட்டில் தையல் மெஷினைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆனால் மத்தியானம் மூன்று மணி என்று ஒன்று இருந்தது, எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம், செருப்பு தேய்கிற சத்தம், மதினி என்ன செய்றீக என்று குரல் முன்னால் வர உலகு பின்னால் வருவாள், வெட்டுத்துணிப் பையின் அடியில் ஒளித்திருக்கும் பொட்டலத்தை நான் எடுப்பேன், இருவருக்கும் நடுவில் காகிதத்தை விரித்து வைத்து, அவள் ஒரு கை, நான் ஒரு கை, நடுவில் ஊர், அவள் உப்பு விரலை நக்கிக்கொண்டே சிரிப்பாள், சேவு தீரும்போது ஊரும் தீரும், மிச்சத் தூளை அவள் உள்ளங்கையில் தட்டுவேன், மகள் ராசாத்தியைத் திருப்பூரில் கட்டிக்கொடுக்கும் பேச்சு வந்த நாட்களில் அவளும் என்னை மாதிரியேதான் தின்றாள், அடுப்படியில் நின்றுகொண்டே மிஞ்சின சோற்றை வழித்து, வழித்த சட்டியில் இன்னும் கொஞ்சம் போட்டு, அப்போது அவளுக்கு மார்புச் சுற்று நாற்பத்தி மூன்று, எனக்கு, அது எதற்கு, எனக்கும் அதற்கு மேல்தான், ஆனால் தெருவில் இருவர் குண்டாக இருந்தால் அது ஒரு கட்சி, ஒருத்தியாக இருந்தால்தான் குண்டு.

அந்தக் கல்யாணத்தில் சம்பந்தியம்மா, பந்தியில் உலகு உட்காரப் போகும்போது, பொண்ணோட அம்மாவுக்கு ரெண்டு சேரு போடுங்க, ஒண்ணு தாங்காது என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்ததோடு நிற்காமல் மறுநாள் தெருவில் நாலு வீட்டில் சொன்னேன், அவள் அந்தப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்ததை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஒருநாள் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவள், நர்சம்மா சொல்லியிருக்காக மதினி, எதையும் விட வேணாமாம், எது தின்னாலும் தட்டுல போட்டு உக்காந்து தின்னணுமாம், நின்னுக்கிட்டு ஒண்ணையும் வாயில போடக்கூடாதாம், அவ்வளவுதானாம் என்றாள், அவ்வளவுதானா, அதுக்கு எதுக்கு நர்ஸுக்குப் படிக்கணும் என்றேன் நான், காலையில் அவர்கள் மாடியில் சாக்பீஸால் பெரிய எட்டு ஒன்று வரைந்து அதன் மேலேயே சுற்றிச் சுற்றி நடந்தாள், இந்தப் பக்கம் அரை மணி, அந்தப் பக்கம் அரை மணி, என் அடுப்படி ஜன்னலில் நின்றால் அவள் தலை மட்டும் கைப்பிடிச் சுவருக்கு மேல் வளைந்து வளைந்து போவது தெரியும், மதினி, நீங்களும் வாங்களேன், பேசிக்கிட்டே நடக்கலாம் என்று கூப்பிட்டாள், எட்டுப் போட்டுட்டா லைசென்ஸ் குடுப்பாகளா, என்ன வண்டி வாங்கப் போற என்று கேட்டேன், நன்றாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியதால் தண்ணீர்க் குழாயடியிலும் சொன்னேன், லைசென்ஸ் எடுத்தாச்சா உலகு என்று ஒரு மாதம் தெருவே கேட்டது, அவள் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள், மாதம் ஓர் இஞ்சுகூட இறங்கவில்லை, அரை இஞ்சு, சில மாதம் ஒன்றுமே இல்லை, தீபாவளிக்கு ஏறிக்கூடப் போனது, அடுத்த நாள் மறுபடி மாடியில் தலை வளைந்து போகிறது, நான் ஜன்னலில் நின்றபடி சேவு தின்கிறேன், நின்றபடி.

அளவு எடுக்கிறேன், நாற்பத்தி இரண்டு, அளவு எடுக்கிறேன், நாற்பத்தி ஒன்றரை, அவள் கையைத் தூக்கி நிற்கிறாள், டேப்பின் முனை என் கையில் நீண்டு தொங்குகிறது, ஒன்றரை வருசத்தில் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள், மூன்று மணிக்கு வருகிறாள், ஆனால் காகிதத்தில் கை வைப்பதில்லை, எனக்குப் பசிச்சா வீட்டுல தட்டுல போட்டுத் திங்கேன் மதினி, நீங்க தின்னுங்க என்கிறாள், எதிரில் ஒருத்தி தின்னாமல் உட்கார்ந்திருந்தால் நாம் தின்கிற சத்தம் நமக்கே கேட்கும், அது ஒரு கொடுமை, தெருவில் இப்போது, உலகைப் பாத்தீகளா, ராசாத்திக்கு அக்கா மாதிரில்ல இருக்கா என்கிறார்கள், என்னிடமே வந்து சொல்கிறார்கள், ஆமா என்கிறேன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ராசாத்திக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு, உலகு மூன்று புடவைக்கு மூன்று ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள், அந்தச் சம்பந்தியம்மா முன்னால ஒத்தச் சேருல உக்காரணும் மதினி என்றாள், சொல்லும்போது அவள் கண் நனைந்திருந்தது, எனக்குப் பாவமாக இருக்கவேண்டும், எனக்குப் பசித்தது. வெட்டும்போது ஒழுங்காகத்தான் வெட்டினேன், மெஷினில் ஓட்டும்போது, கால் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத் தையலில் கை தானாக உள்ளே போனது, பக்கத்துக்குக் கால் இஞ்சு, முன்துணி பின்துணி இரண்டிலும் பிடிப்பதால் பக்கத்துக்கு அரை, இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு முழு இஞ்சு, கை தானாகப் போனது என்று சொல்வது பொய், நான்தான் கொண்டுபோனேன், அப்போது வாயில் ஒன்றும் இல்லை, இருந்தும் ஏதோ இனிப்பாக இருந்தது.

முதல் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தவள் கொக்கி எட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூடிட்டனா மதினி என்றாள், நான் டேப்பை எடுத்து அவளைச் சுற்றி, என் இரண்டு விரலை உள்ளே விட்டு, முப்பத்தொம்பது காட்டுதே உலகு, நீர் ஏத்தமா இருக்கும், வயசாகுதுல்ல என்றேன், எடை மெஷினில் ஏறிப் பார்த்தால் தீர்ந்தது, அவள் ஏறமாட்டாள், அந்த மெஷினு ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லுது, மதினி கையி டேப்பு மாறாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள், தெருவில் என்னை முழுதாக நம்புகிற ஒரே ஆள், என் வாயை நம்பாதவர்கள்கூட என் டேப்பை நம்புவார்கள், அவள் இரண்டையும் நம்பினாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள், எட்டை இரண்டு மணி நேரம் நடந்தாள், இரண்டாவதையும் நான் இறுக்கித்தான் தைத்தேன், ஒன்று இறுக்கமாக இருந்து இன்னொன்று சரியாக இருந்தால் மாட்டிக்கொள்வேனே, மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், பார்க்கப் போனேன், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், ஒழுங்காச் சாப்பிடு என்று புத்தி சொன்னேன், வீட்டுக்கு வந்து மூன்றாவதைத் தைத்தேன். இன்றைக்கு மூன்று மணிக்கு அவள் வந்தபோது செருப்பு தேயவில்லை, குரல் முன்னால் வரவில்லை, மூன்றாவது ஜாக்கெட்டையும் போட்டுப் பார்த்துக் கழற்றி மெஷின் மேல் போட்டாள், வளைகாப்புக்கு எங்க வீட்டுக்காரரு மட்டும் திருப்பூர் போயிட்டு வரட்டும் மதினி, எனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிடலாம் என்றாள், பிறகு வெட்டுத்துணிப் பையை அவளே இழுத்து, அடியில் கையை விட்டு, பொட்டலத்தை எடுத்து, நின்றுகொண்டே ஒரு கை அள்ளி வாயில் போட்டாள், நின்றுகொண்டே இன்னொரு கை, மென்றுகூட விழுங்கவில்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிகிறது, நீங்களும் எடுங்க மதினி என்று காகிதத்தை என் பக்கம் நீட்டினாள். ஒன்றரை வருசமாக நான் இதற்குத்தான் ஏங்கினேன், மூன்று மணியும் பொட்டலமும் உலகும் திரும்பி வந்துவிட்டன, ஓர் அள்ளு எடுத்து வாயில் போட்டேன், மாவாகி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, விழுங்க முடியவில்லை, என் வாழ்நாளில் சேவு விழுங்க முடியாமல் போனது அப்போதுதான்.

நீ கூடல உலகு, துணிதான் சின்னது, நான்தான் பிடிச்சுத் தச்சேன், மூணையும், டேப்புல விரலை விட்டு அளந்தேன் என்றேன், வாயில் மாவோடு சொன்னதால் அவளுக்கு விளங்கவில்லையோ என்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன், ஒரு தடவை சொல்வதே நாக்கு பிடுங்குகிற மாதிரி இருந்தது, இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கையில் இருந்த சேவைக் காகிதத்தில் திரும்பப் போட்டாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள், பிரிங்க என்றாள், அதற்குப் பிறகு இந்தக் காலண்டர்தான், இந்த பிளேடுதான், ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துச் சரியான இடத்தில் ஓட்டிக் கொடுத்தேன், உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள், கொக்கி ஐந்தும் மாட்டியிருந்தது, மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள், கண்ணாடிப் பக்கம் போகவில்லை, அந்தக் கணத்திலும் என் பாழாய்ப்போன கண் அவள் இடுப்பில்தான் போய் நின்றது, எவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று எரிந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏன் மதினி என்றாள் அவள் முதன்முறையாக, காலண்டரைப் பார்த்தபடியே, நீ என்னை விட்டுட்டுப் போயிட்ட உலகு என்றேன், நான் எங்க போனேன், எதிர்வீட்டு மாடிக்குத்தான போனேன், ரெண்டு தடவ கூப்பிட்டேன், நீங்க ஊரைக் கூட்டிச் சிரிச்சீக என்றாள், நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவதைப் பிரித்தேன், பிரித்து ஓட்டினேன், மூன்றாவதை எடுத்தேன், பட்டுத்துணி, வளைகாப்பு அன்றைக்கு உடுத்துகிற புடவைக்கானது, வழுக்குகிறது, கால் பெருவிரலில் நிற்கமாட்டேன் என்கிறது, குனிந்து குனிந்து என் வயிறு மடிந்து மூச்சு முட்டுகிறது, பிளேடு ஒருதரம் துணியிலேயே இறங்கப் பார்த்தது, ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது, போகிறாள் என்று நினைத்தேன், நிமிரவில்லை, அவள் எனக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்து, என் காலடியிலிருந்து துணியின் முனையை உருவி, இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தாள், கிழிச்சுத் தொலச்சிராதீக, வளைகாப்புக்கு நாள் இல்ல என்றாள், நாலு தையல் அறுந்ததும், காலையில ஆறு மணிக்கு மாடிக்கு வாங்க, எனக்கு முன்னால நடங்க, இனிமே உங்கள எனக்குப் பின்னால விடுறதா இல்ல என்றாள், சிரிக்கவில்லை, மன்னித்த மாதிரியும் இல்லை, சரி என்றேன், எட்டு எனக்கு நடக்க வருமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை, துணி எங்கள் இருவருக்கும் நடுவில் பாலம் மாதிரி விறைத்து நிற்கிறது, விறைப்பாக இருந்தால் நூல் தானாகத் தெறிக்கும், ஒவ்வொன்றாக நெம்ப வேண்டியதில்லை, பிளேடு என் பக்கமிருந்து அவள் பக்கமாக ஓடுகிறது, தையல் பிளந்து பிளந்து திறக்கிறது, அவள் விரல் இருக்கிற இடத்துக்குக் கால் இஞ்சு கிட்டே வந்துவிட்டேன், விரலை எடு உலகு என்கிறேன், அறுங்க மதினி என்கிறாள், விரலை எடுக்கவில்லை.