நாலாம் படி

புல்வெட்டும் எந்திரத்தின் சத்தம் கேட்டதும் மெரில் ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு ஓடினாள். கறுப்பு உடையின் முதுகு ஜிப் பாதியிலேயே நின்றிருந்தது. பதினோரு மணிக்கு, அவள் கணவர் க்ளைவின் சவப்பெட்டியைச் சுமந்த வண்டி தேவாலயத்துக்குப் போகிற வழியில் வீட்டு முன்னால் ஒரு நிமிடம் நிற்கும். அதற்காக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என்னை நம்ம வீட்டு வழியா கூட்டிட்டுப் போ. புல்லு பச்சையா இருக்கணும். அந்த பானோஸ் கையில மட்டும் விட்டுடாத, மொட்டையடிச்சுடுவான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி க்ளைவ் பேசிய பேச்சு இது. பாவி மனுஷன், பெற்ற மகளைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு பானோஸ் தன் புல்தரையை எப்போதும் தரையோடு சிரைத்துவிடுவார். பென்டிகோ ஊரில் ஜனவரிதான் உச்சக் கோடை; அந்த வெயிலில் அது தேங்காய் நார் மாதிரி கிடக்கும். "மெஷின் உயரத்தை நாலாம் படியில வச்சு வெட்டுய்யா, இல்லேன்னா வேரு வெந்துடும்" என்று க்ளைவ் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கத்தாத வாரமில்லை. பானோஸ் காதில் போட்டுக்கொண்டதேயில்லை.

அதே பானோஸ்தான் இப்போது கோட்டும் டையுமாக க்ளைவின் புல்லில் நின்றார். பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. மெரில் புல்லுக்குள் இறங்கினாள்.

"நிறுத்துங்க பானோஸ். உங்களை யாரு வெட்டச் சொன்னா?"

அவர் எந்திரத்தை அணைத்தார். "அவன்தான் சொன்னான்."

"எப்போ?"

"முப்பது வருஷமா."

மெரில் குனிந்தாள். க்ளைவ் அளக்கிற மாதிரியே ஆள்காட்டி விரலைப் புல்லுக்குள் விட்டாள். விரலின் இரண்டாவது கணு வரை பச்சை நின்றது. அதே நாலாம் படி உயரம். விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"போய் ஜிப்பைப் போட்டுக்கோங்க. வண்டி வந்துடும்" என்றார் பானோஸ், வேறு பக்கம் பார்த்தபடி.

"உங்க பேன்ட் முழுக்கப் புல்லு."

"இருக்கட்டும். யாரு வெட்டினதுன்னு அவனுக்குத் தெரியணும்ல."

மிச்சத்தையும் வெட்டி முடித்து, எந்திரத்தைத் தன் வீட்டுப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். எந்திரத்தின் உயரப் படியை இறக்கும் சத்தம் வருகிறதா என்று மெரில் வாசற்படியில் நின்று கேட்டாள். வரவில்லை. எந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்த சத்தம் மட்டும் வந்தது.

பானோஸின் அந்த மொட்டைத் தரையில் நாலாம் படி உயரத்தில் வெட்ட ஒன்றுமில்லை. எந்திரம் எதையும் தொடாமலே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.