எதிர்வீட்டு விடுதியில் அனியெல்லோ

வியாழக்கிழமையிலிருந்து அனியெல்லோவின் முகவரி மாறிவிட்டது. பெரிய தூரமெல்லாம் இல்லை. சந்துக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். நேப்பிள்ஸில் சானித்தா பேட்டையில் அவருடைய வீடு மூன்றாம் மாடி. நேர் எதிரே, அதே உயரத்தில், சிமோனா நடத்தும் மலிவு விடுதி. அங்கே காயும் துணியை இங்கிருந்து கையை நீட்டி எடுத்துவிடலாம், அவ்வளவுதான் சந்து. அந்த விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில், ஐம்பத்தெட்டு வயது பஸ் டிரைவர் அனியெல்லோ தொப்பையை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். சுற்றிலும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் இருபது வயதுப் பிள்ளைகள்.

அப்படி என்ன குற்றம் செய்தார்? கொலையா, கொள்ளையா? அதையாவது அவர் மனைவி நுன்சியா மன்னித்திருப்பாள். தம்பி வீட்டு ஞானஸ்நான விருந்தில், தம்பி மனைவி ரோசாரியா வைத்த ராகூ என்கிற தக்காளிக் கறிக்குழம்பை ரொட்டித் துண்டால் தட்டு பளபளக்க வழித்துத் தின்றுவிட்டு, சபை நடுவே, "குழம்புன்னா இதுதான்யா குழம்பு!" என்று சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் இருட்டோடு எழுந்து ராகூவுக்கு அடுப்பு மூட்டுகிற நுன்சியா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாக்கில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான்.

விருந்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தாள், கதவைச் சாத்தினாள். தம்பி வீட்டுக்குப் போனால் எரிகிற நெருப்பில் எண்ணெய். வேறு போக்கிடம் இல்லாமல் இங்கே வந்தார்.

"பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ காட்டணும் மாமா, சட்டம் அப்படி" என்றாள் சிமோனா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"எதிர் பால்கனிலேர்ந்து. சிரிம்மா, நல்லா சிரி. ஊரே சிரிக்குது, உனக்கு மட்டும் என்ன?"

நுன்சியா கத்தியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். சாதாரண நாளில் அவள் குரல் சந்துமுனை மீன்கடை வரை கேட்கும். கத்தி முடித்தால் சோறு போடுவாள், அதோடு விஷயம் தீர்ந்தது. இப்போதோ எல்லோரிடமும் பேசினாள், இவர் ஜன்னலில் தலையை நீட்டினால் மட்டும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டார், ஜன்னல் சாத்தப்பட்டது. பூ வாங்கி அனுப்பினார். அது சந்துமுனை மாதா சொரூபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் பேசாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. மனுஷனுக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக்கூடக் கூப்பிடாவிட்டால் அப்புறம் என்றைக்குமே கூப்பிட மாட்டாள் என்று மனசு அடித்துக்கொண்டது.

"நானே ராகூ வைக்கப்போறேன்" என்றார் சனிக்கிழமை சாயங்காலம். "வச்சு அவ வாசல்ல கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்."

சிமோனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியுமா?"

"முப்பது வருஷமா தின்னுருக்கேன்ல? அந்த ருசி போதும்."

"நானும்தான் முப்பது வருஷமா பஸ்ல போறேன். ஓட்டட்டுமா?"

ஞாயிறு காலை விடுதிச் சமையலறையில் அவர் வெங்காயம் வெட்டியதைப் பார்த்து, காபி குடிக்க வந்த நார்வேக்காரப் பையன் ஸ்வெர்ரேவுக்கே மனசு கேட்கவில்லை. பேசாமல் கத்தியை வாங்கி வெட்டிக் கொடுத்தான். தென்னைமரம் மாதிரி நெடுநெடுவென்று இருப்பான். அவனுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவன் பாஷை தெரியாது. கறியைப் போட்டார், தக்காளியை ஊற்றினார், மூடியை மரக்கரண்டிமேல் சாய்த்து வைத்தார். அதுவரை சரி. ராகூ என்பது கொதிக்கவே கூடாது. தூங்குகிற குழந்தை மூச்சுவிடுவதுபோல் எப்போதாவது ஒரு குமிழி வெடிக்க வேண்டும், மத்தியானம் வரை. அனியெல்லோவோ டிரைவர், நேரமாகிவிட்டால் மிதிப்பதுதான் பழக்கம். மணி பதினொன்று ஆனதும் அடுப்புத் தீயைக் கூட்டிவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார்.

எதிரே நுன்சியா பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் சுவரைப் பார்த்தாள். பிறகு அவள் கை நின்றது. மூக்கு ஒருமுறை விடைத்தது. மறுபடி உரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், மாதா சொரூபத்தைப் பார்த்தாள், கடைசியில் உடைந்துவிட்டாள்.

"யோவ்! அடுப்பைக் குறைய்யா! அடிபிடிக்குது! கழுதை, கழுதை, கழுதை!"

சந்தில் ஐந்தாறு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. மீன்கடைக்காரன் கை தட்டினான். அனியெல்லோவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நுன்சியா! பேசிட்டியே தாயே! இன்னொரு தடவை திட்டு!"

"திட்டு இருக்கட்டும், அடுப்பு, அடுப்பு! அய்யோ, கரண்டியை உள்ளே விடாதே! சுரண்டாதேய்யா! சான் ஜென்னாரோ சாமி, இந்த ஆளை நான் என்ன செய்யட்டும்!"

அடுத்த நிமிஷம் ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாகச் சந்தைத் தாண்டி, மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க வந்து நின்றாள். இடுப்பால் புருஷனை ஓர் இடி இடித்து நகர்த்தினாள். அடியைத் தொடாமல் மேற்குழம்பை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள், ருசி பார்த்தாள், இரண்டு துளசி இலையைக் கிள்ளிப் போட்டாள்.

"பொழைக்கும்" என்றாள் வைத்தியர் மாதிரி. "வெங்காயம் வெட்டினது நீ இல்லையே?"

"இவன்" என்று ஸ்வெர்ரேயைக் காட்டினார்.

"அதானே பார்த்தேன்."

சாப்பாட்டுக்கு உட்கார மூன்று மணி ஆகிவிட்டது. நீள மேஜையில் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். நுன்சியா வழக்கப்படி அடுப்படியில் நின்று தட்டுகளை நிரப்ப ஆரம்பித்தாள். ஸ்வெர்ரே எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினான், நாற்காலியைக் காட்டினான், ஏதோ சொன்னான்.

"என்னடி சொல்றான்?" என்றாள் நுன்சியா.

"சமைச்சவங்க உக்காரணும், சாப்பிடறவங்கதான் பரிமாறணும், கழுவணும்னு சொல்றான் அத்தை" என்றாள் சிமோனா.

நுன்சியா உட்கார்ந்தாள். ஆவி பறக்கும் பாஸ்தா அவள் முன்னால் முதலில் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அனியெல்லோ வாயில் வைத்ததை விழுங்காமல் அவளையே பார்த்தார். எத்தனை ஞாயிறு! இவருக்கு இரண்டாம் தடவை, பெற்ற பிள்ளைகளுக்கு மூன்றாம் தடவை என்று பரிமாறிவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு ஆறிப்போனதைத் தின்பவள்தான் அவள். அவள் சூடாகச் சாப்பிட்டு இவர் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"ரோசாரியா வீட்டுக் குழம்பு ஒண்ணும் பெரிசில்ல நுன்சியா" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நீ என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே. அதான் ருசிச்சுது. எனக்கே இப்பத்தான் புரியுது."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கண் ஓரம் ஈரமாகியிருந்தது.

"பேச்சு மட்டும் நல்லா வரும்" என்றாள். ஆனால் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவர் தட்டில் வைத்தாள். அனியெல்லோவுக்கு உயிர் வந்தது.

பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினார்கள். ஒருத்தி நுன்சியாவுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி தன் ஊர்ப் படங்களைக் காட்டினாள். அனியெல்லோ சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றார்.

"போலாமா?"

நுன்சியா காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள். "சிமோனா, கீழ்க்கட்டில் ஏதாவது காலியா இருக்கா?"

"இருக்கு அத்தை!"

"எனக்குப் போட்டுரு. நான் வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளிய படுத்ததில்ல, தெரியுமா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ போ. கதவு திறந்துதான் கிடக்கு. மூணு நாளா மனசு சரியில்லாம எதையும் கழுவல. எல்லாத்தையும் கழுவி வை. நாளைக்கு வந்து பார்ப்பேன்."

அனியெல்லோ பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைய ஏங்கிய மனுஷன் இப்போது தன் சமையலறையில் தனியாக நின்றார். தொட்டி நிறையப் பாத்திரம். எதிர் ஜன்னலிலிருந்து நுன்சியாவின் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு அது. மேல் அலமாரியைத் திறந்தார், கீழ் அலமாரியைத் திறந்தார், திரைக்குப் பின்னால் தேடினார். பிறகு பால்கனிக்கு வந்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"நுன்சியா... பாத்திரம் கழுவுற சோப்பு எங்க இருக்கு?"

சிரிப்பு நின்றது. சந்து முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"முப்பத்தொரு வருஷமா ஒரே எடத்துலதான்யா இருக்கு!"